மீண்டும் அந்தப் பழைய மொழி

கணினியோடு உரையாட மனிதன் படைத்த மொழிகள் பல. அவற்றுள் சில மனித மொழிக்கு நெருக்கமானவை. வேறு சில பொறியின் உள்ளமைப்பை ஒட்டியவை. அசெம்பிளி மொழி இரண்டாம் வகையைச் சார்ந்தது. பைத்தான், ஜாவா முதலிய மொழிகளில் பழகியோர், ஒரு மதிப்பு நினைவகத்தின் எந்த இடத்தில் அமரும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை மொழியே கவனித்துக்கொள்கிறது. அசெம்பிளியில் எழுதுவோர்க்கோ இடத்தின் முகவரியே முதற்கவலை.

பல்லாண்டுகளுக்குப் பின் இம்மொழிக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் நாசாவின் பொறியாளர்களுக்கு நேர்ந்தது. 1977 செப்டம்பர் 5 அன்று ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் பொருளற்ற குறிகளை அனுப்பத் தொடங்கியது. அறிவியல் தரவுகளையும் கலத்தின் நலம் குறித்த தரவுகளையும் தொகுத்து அனுப்பும் கணினியில்தான் கோளாறு. அதன் நினைவகம் 8,192 சொற்களை மட்டுமே கொண்டது. சொல்லொன்றுக்கு 16 பிட்டுகள். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்குக்கூட இவ்விடம் போதாது!

நிரலை எழுதிய தலைமுறையினர் பெரும்பாலோர் பணியில் இல்லை. எஞ்சியவை பல பத்தாண்டுகள் பழமையான ஆவணங்களே. கலமோ 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. கட்டளை அங்குச் சென்றடைய இருபத்திரண்டரை மணி நேரம். மறுமொழி வந்து சேர மேலும் அவ்வளவு நேரம். எழுதியவுடன் இயக்கிப் பார்த்துத் திருத்தும் இக்காலப் பழக்கம் அங்கே செல்லாது.

2024 மார்ச்சில் அனுப்பிய ஒரு கட்டளைக்கு விடையாக, அக்கணினியின் நினைவகம் முழுவதன் படியும் வந்தது. அதனைப் பழைய படியோடு ஒப்பிட்டபோது, நினைவகத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு சிதைந்திருப்பது புலனாயிற்று. ஒரு சில்லு பழுதாகியிருந்தது.

பழுதான சில்லை மாற்ற வழியில்லை; அதிலிருந்த நிரலை வேறிடத்திற்கு மாற்றுவதே வழி. ஆனால் அதனை முழுமையாக ஏற்கும் அளவுக்கு வெற்றிடம் ஓரிடத்திலும் இல்லை. எனவே நிரலைத் துண்டுகளாக்கி, வெவ்வேறு மூலைகளில் வைத்தனர். அருமையான வேலை இதன் பின்னரே தொடங்கியது. ஒரு நூலின் பக்கங்களைப் பிரித்து இடம் மாற்றினால், ‘40ஆம் பக்கம் காண்க’ என்பன போன்ற குறிப்புகள் எல்லாம் பிழையாகிவிடும் அல்லவா? அவ்வாறே, இடம்பெயர்ந்த நிரலைச் சுட்டிய முகவரிகள் ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டியிருந்தது. உயர்நிலை மொழிகளில் தொகுப்பான் நொடியில் முடிக்கும் இப்பணி, இங்கு மனிதர் கருத்தூன்றிச் செய்வதாயிற்று.

ஏப்ரல் 18 அன்று முதல் துண்டு அனுப்பப்பட்டது. 20ஆம் நாள் மறுமொழி வந்தது; ஐந்து மாதங்களுக்குப் பின் கலத்தின் நலத்தை அறியும் தரவுகள் பொருளுடன் கிடைத்தன. ஏனைய துண்டுகளும் அடுத்தடுத்து இடம்பெயர்ந்தன. ஜூன் மாதத்தில், இயங்கிவந்த நான்கு அறிவியல் கருவிகளின் தரவுகளும் மீண்டும் புவியை வந்தடைந்தன.