விலை பேசினால் வீடு விற்றதாகுமா?

வன்னியில் ஒரு வீட்டுக்கு விலை பேசுவது பெரும்பாலும் முற்றத்திலே தான் நடைபெறுகின்றது. தரகர் ஒருவர் ஆளைக் கூட்டிவருவார்; கிணற்றையும் தென்னைகளையும் எல்லை வேலியையும் பார்ப்பர்; தேநீர் அருந்தி முடிவதற்குள் ஒரு தொகை இணங்கப்படும். அச்சவாரமாக ஒரு சிறு தொகையும் கைமாறும். அன்றே வீடு விற்றுவிட்டதாக ஊர் பேசத் தொடங்கிவிடும். ஆனால் சட்டத்தின் கண்களில் அந்த முற்றத்தில் எதுவுமே நடைபெறவில்லை.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, அசையா ஆதனத்தின் விற்பனை எழுத்தில் இருத்தல் வேண்டும் என்றும், இரு சாட்சிகளுடன் நொத்தாரிசு முன்னிலையில் கைச்சாத்திடப்படல் வேண்டும் என்றும் கூறுகின்றது. விற்பதற்கான உடன்படிக்கைக்கும் இதே விதிதான். இங்கிலாந்து 1677இல் இயற்றிய சட்டத்தின் வழிவந்த ஏற்பாடு இது. ஆகவே வாய்ப்பேச்சிலோ, வெற்றுத்தாளில் எழுதிய பற்றுச்சீட்டிலோ விற்பவரையும் வாங்குபவரையும் கட்டிவைக்க இயலாது. வாங்குபவர் பின்வாங்கலாம், விற்பவரும் மறுக்கலாம். எனினும் பெற்ற பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழக்கு எழக்கூடும். அச்சவாரத்தை மகளின் திருமணத்துக்கோ கடனுக்கோ செலவிட்டுவிட்ட குடும்பம் அப்போது எங்கே போகும்?

எனவே, விலை இணங்கிய மறுநாளே விற்பவர் முதலிற் பார்க்க வேண்டியது தமது கையிலுள்ள பத்திரம் எத்தகையது என்பதையே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரும்பாலானவை தனியார் உறுதிக்காணிகள். வன்னியின் நிலைமை வேறு. 1930களில் கிளிநொச்சியில் தொடங்கிய குடியேற்றம் முதல் பல்வேறு குடியேற்றத் திட்டங்களின் கீழ் வழங்கப்பட்ட காணிகள் அரச காணிகளாகும். இவை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் காணியின் முழு உரிமையாளர் அல்லர். இந்திய வீட்டுத்திட்டத்தில் பெற்ற நிதியுடன் தமது சேமிப்பையும் சேர்த்து அவர் வீட்டைக் கட்டியிருக்கலாம், நிலமோ அரசினுடையது. அளிப்புப் பத்திரம் பெற்றவரின் நிலை இதனிலும் வலுவானது. ஆயினும் பிரதேச செயலாளரின் முற்கூட்டிய எழுத்துமூல ஒப்புதலின்றிக் கைமாற்றலாகாது என்ற நிபந்தனை அதிலும் உண்டு. நிபந்தனையை மீறி எழுதப்படும் உறுதி வெற்றும் வறிதுமானது.

இதனை அறிந்தும் பலர் சமாதான நீதிவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி ஒன்றை முடித்து அனுமதிப்பத்திரத்தைக் கையளித்துவிடுகின்றனர். அதனால் உரித்து மாறுவதில்லை. வாங்கியவர் பணத்தை இழக்கின்றார். விற்றவரின் பிள்ளைகள் பிற்காலத்தில் வழக்கை முதுசமாகப் பெறுகின்றனர். 2024இல் தொடங்கப்பட்ட 'உறுமய' திட்டத்தின் மூலம் இத்தகைய காணிகளுக்கு முழு உரித்து வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. ஆயினும் உறுதி கைக்கு வருமுன்னர் அறிவிப்பை நம்பி விலை பேசுவது விவேகமன்று.

அடுத்து, யார் கையொப்பமிட வேண்டும் என்ற கேள்வி எழுகின்றது. காணி சகோதரர்களுக்குப் பொதுவானதாயின், தேசவழமைக்கு உட்பட்ட பிரிபடாத பங்கை விற்பதில் இணை உரித்தாளருக்கு முன்னுரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவர்களுக்கு முறையாக அறிவித்தல் வேண்டும். வெளிநாட்டிலுள்ள சகோதரர் தொலைபேசியிற் கூறும் சம்மதம் போதாது. பதிவு செய்யப்பட்ட அற்றோர்ணித் தத்துவம் தேவை.

இதனிலும் வேதனையானது கணவர் காணாமற்போன பெண்களின் நிலை. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தனது சொந்த அசையா ஆதனத்தை விற்பதற்கும் கணவரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனையை 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் விதித்தது. 2009இன் பின்னர் கணவர் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும் பெண் எவரிடம் ஒப்புதல் பெறுவாள்? கணவரின் இருப்பிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றத்தை நாட அச்சட்டமே வழிவைத்தது. அந்நிபந்தனையை நீக்குமாறு நெடுங்காலமாகக் குரல்கள் எழுந்துள்ளன. ஆதலால் நடப்பிலுள்ள விதியை நொத்தாரிசிடம் கேட்டறிதல் அவசியம். உறுதி கணவரின் பெயரில் இருப்பின் துயரம் இன்னும் பெரிது. இறப்பைப் பதியாமல் மரபுரிமை தொடங்காது. பதிவதற்கோ மனம் இடங்கொடாது.

1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட வன்னி முஸ்லிம்கள் எதிர்கொள்வது வேறொரு சிக்கல். புத்தளத்திலிருந்து முல்லைத்தீவுக் காணிக்கு விலை இணங்கியவர், அங்கு வேறொருவர் நெடுங்காலமாகக் குடியிருப்பதைக் காண நேரலாம். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, எதிரிடையான உடைமை 10 ஆண்டுகள் தொடர்ந்தால் தனியார் காணியில் உரித்துக் கோரலாம். போரினால் தமது உரிமையை நிலைநாட்ட இயலாதோருக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விலக்களித்தது; ஆனால் வழக்கிடுவதற்கு அது தந்த அவகாசம் இரண்டு ஆண்டுகளே. ஆகவே இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் விலை பேசுமுன் காணியை நேரிற் பார்த்து, கிராம அலுவலரிடமும் விசாரித்தல் நன்று.

வாங்குபவர் யார் என்பதையும் பார்த்தல் வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியின் உரித்தைக் கைமாற்றுவதைத் தடைசெய்கின்றது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ வாழும் எமது உறவினர் இலங்கைக் குடியுரிமையை இழந்திருப்பின் அவரும் இத்தடைக்குள் அகப்படக்கூடும். இரட்டைக் குடியுரிமை பெற்றோருக்கு இத்தடை இல்லை.

இவை யாவும் சீரானால் எஞ்சியவை எளிது. நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் ஏடுகளைத் தேடி, ஈடோ வேறு வில்லங்கமோ உண்டா எனப் பார்ப்பார். முத்திரை வரி முதல் ஓர் இலட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என அறவிடப்படுகின்றது. 50 இலட்சம் ரூபா பெறுமதியுள்ள வீட்டுக்கு அது 199,000 ரூபாவாகும். வழமையில் இதனை வாங்குபவரே செலுத்துவர். கைச்சாத்திடும் நாளிலேயே மிகுதிப் பணத்தைப் பெறுதல் நன்று. வங்கிக் காசோலையாயின் ஐயத்துக்கு இடமில்லை. உறுதி பின்னர் பதிவு செய்யப்படல் வேண்டும். பதியப்படாத உறுதியை, அதே காணிக்குப் பெறுமதி கொடுத்து முந்திப் பதிந்த பிறிதோர் உறுதி வென்றுவிடக்கூடும் என்பதை வாங்குவோர் மறத்தலாகாது.

வாக்கு மாறாமை எமது சமூகத்தின் பெருமை. அப்பெருமையைக் காப்பதற்கும் வழி ஒன்றே: பத்திரத்தைப் பார்த்த பின்னர் விலை பேசுவோம், உடன்படிக்கையை நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய பின்னர் அச்சவாரத்தைப் பெறுவோம். பல தடவை இடம்பெயர்ந்து மீண்டு வந்த குடும்பத்துக்கு அக்கால் ஏக்கர் நிலமே முழுச் சொத்தும். அதனை விற்பதாயினும், விற்றபின் நிம்மதியாக உறங்கும்படி விற்றல் வேண்டும்.