வயிற்றெரிச்சலும் காபி டம்ளரும்

மேல்வயிறு எரிகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "காபியைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்களேன்" என்பதுதான். வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், மருந்துக்கடைக்காரர் சொல்வார், பல நேரம் மருத்துவரும் சொல்வார். அந்த யோசனையில் பழுதில்லை. ஆனால் காபிதான் வயிற்றைப் புண்ணாக்குகிறது என்ற நம்பிக்கையும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. எரிச்சல் வேறு, புண் வேறு. எரிச்சலைக் காபி தூண்டலாம். புண்ணை அது உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அல்சருக்குக் காபியே காரணம் என்று நம்புகிறவர் காபியை விட்டுவிடுகிறார், அமிலத்தைத் தணிக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறார், உண்மைக் காரணத்தைத் தேடாமலேயே இருந்துவிடுகிறார்.

அந்த உண்மைக் காரணங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. மன அழுத்தமும் காரமும் அமிலமும்தான் அல்சரைத் தருகின்றன என்று மருத்துவ உலகமே நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தக் கிருமியைச் சுட்டிக்காட்டினார்கள். எளிதில் யாரும் ஏற்கவில்லை. 1984ல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு காரணம், மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் நாமே வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள். காபியின் நிலை என்ன? ஜப்பானில் 8,013 பேரை ஆராய்ந்து 2013ல் வெளியான ஆய்வில், இரைப்பைப் புண்ணுக்கோ முன்சிறுகுடல் புண்ணுக்கோ உணவுக்குழாய் அழற்சிக்கோ காபியோடு தொடர்பு தென்படவில்லை. வயிற்றுவலி வந்தவர்கள் முன்பே காபியை விட்டிருப்பார்களே, அதனால்தான் தொடர்பு தெரியவில்லையோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஒரே சமயத்தில் எடுக்கப்படும் கணக்கெடுப்புக்கு அந்தக் குறை உண்டு. ஆனால் அந்த ஒரு ஆய்வை மட்டும் நம்பி இதைச் சொல்லவில்லை. பைலோரியை மருந்தால் ஒழித்தபின் அதனால் வந்த அல்சர் பெரும்பாலும் ஆறிவிடுகிறது, திரும்பி வருவதும் அரிது. காபிதான் மூலகாரணம் என்றால் இது நடக்காது.

சரி, எரிச்சல் எங்கிருந்து வருகிறது? காபியின் புளிப்பிலிருந்து என்று பலர் எண்ணுகிறார்கள். காபியின் அமிலத்தன்மை பி.எச். 5 அளவில் இருக்கும்; இரைப்பைக்குள் ஊறும் அமிலமோ 1.5 முதல் 2 வரை, அதைவிட ஆயிரம் மடங்கோ அதற்கும் மேலோ கடுமையானது. ஆகவே காபி கொண்டுவரும் அமிலம் ஒரு பொருட்டல்ல. இரைப்பையை மேலும் சுரக்கச் சொல்லி அது தூண்டுவதுதான் விஷயம். காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடுகிறது, அமிலம் ஊறுகிறது. கஃபீன் நீக்கிய காபியும் இதையே செய்கிறது என்று 1975லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் கஃபீன் இல்லாத காபிக்கு மாறினால் எரிச்சல் போய்விடும் என்ற எதிர்பார்ப்பு பலருக்கும் ஏமாற்றமாகவே முடியலாம். அமிலம் மேலேறி வரும் நெஞ்செரிச்சல் இன்னொரு கதை. உணவுக்குழாயின் அடியில் உள்ள தசைவளையத்தைக் காபி தளர்த்துகிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆனால் அமெரிக்கச் செவிலியர் நாற்பத்தெட்டாயிரம் பேரைப் பின்தொடர்ந்து 2020ல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஆறு கோப்பைக்கு மேல் குடித்தவர்களுக்கு, குடிக்காதவர்களைவிட அந்தத் தொல்லை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது. டீக்கும் சோடா பானங்களுக்கும் இதே போக்குதான்.

காலையில் காபி குடித்தால்தான் வயிறு சுத்தமாகும் என்பவர்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை. 1990ல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில் காபி குடித்த நான்கே நிமிடத்தில் சிலருக்குப் பெருங்குடலின் கடைப்பகுதி அசையத் தொடங்கியது. வெந்நீருக்கு அப்படி நடக்கவில்லை. காபி பெருங்குடலை எட்ட நான்கு நிமிடம் போதாது, ஆகவே இரைப்பையிலிருந்து ஏதோ சமிக்ஞை போகலாம். குடல் அறுவைக்குப் பின் காபி கொடுத்த நோயாளிகளுக்கு முதல் மலம் விரைவில் கழிந்ததாக 2012ல் ஜெர்மன் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மலச்சிக்கல் உள்ளவருக்கு இது உதவி. அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறவருக்கு உபத்திரவம்.

இதுவரை சொன்னதெல்லாம் காபியைப் பற்றி. நம் டம்ளரில் இருப்பது காபி மட்டும் அல்லவே. பாதிக்கு மேல் பால், அதோடு சர்க்கரை. திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலும் சோதித்து 1981ல் வெளியான ஆய்வில், மூவரில் இருவருக்குப் பாலின் லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைவாக இருந்தது. டெல்லியில் அது நான்கில் ஒருவரைவிடச் சற்றே அதிகம். ஒரு டம்ளர் காபியில் உள்ள பால் அவர்களில் பலரையும் தொந்தரவு செய்யாது. ஆனால் நாளுக்கு நான்கைந்து முறை கெட்டிப்பாலில் கலந்து குடிப்பவருக்கு வயிறு உப்பி, கேஸ் பிரிந்தால், பழி டிகாக்‌ஷன் மேல் போய் விழுகிறது. சிக்கரியும் இருக்கிறது. காபித்தூளில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவுவரை அதைக் கலக்கச் சட்டம் இடம் தருகிறது. சிக்கரி வேரில் உள்ள இன்யூலின் என்ற நார்ப்பொருள் வறுக்கும்போது ஓரளவு சிதைந்தாலும், மிஞ்சியதைக் குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து வாயுவாக்கும்.

"காபியை நிறுத்தினேன், சரியாகிவிட்டது, எனக்கு இந்த விளக்கமெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர் இருப்பார். குணமானது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் காபியை நிறுத்தியவர் பாலையும் சர்க்கரையையும் வெறும் வயிற்றில் குடிக்கும் பழக்கத்தையும் சேர்த்தே நிறுத்தியிருக்கிறார். எது காரணம் என்று தெரிய, ஒன்றை மட்டும் மாற்றி ஒரு வாரம் பார்க்க வேண்டும்: பால் இல்லாத கடுங்காபி, அடுத்து சிக்கரி கலக்காத தூள், பிறகு காபிக்கு முன் இரண்டு வாய் உணவு. உப்புசம் மட்டும் குறைந்தால் பாலையோ சிக்கரியையோ சந்தேகிக்கலாம். எரிச்சல் குறைந்தால் நேரத்தையும் அளவையும் கவனிக்கலாம். இதில் இன்னொரு சிக்கல் உண்டு. எரிச்சலுக்குப் பயந்து காபியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், அது உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும். அதனால் உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டி. இரத்தசோகை உள்ள பெண்களுக்கு முற்பகலிலோ மாலையிலோ ஒரு சிறு பலகாரத்தோடு குடிப்பது இரண்டுக்கும் ஒத்துவரும். கறுத்த மலம், இரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும் காபியை நிறுத்திக் காத்திருக்கக் கூடாது; உடனே மருத்துவரைப் பார்த்து, தேவைப்பட்டால் எண்டோஸ்கோபியும் பைலோரி பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.