இட்லிப் பானையும் ரேடான் குழாயும்

இட்லிப் பானைக்குள் நடப்பது மூன்றே காரியம். அடியில் ஊற்றிய தண்ணீர் ஆவியாகிறது. ஆவி தட்டின் ஓட்டைகள் வழியாக மேலே ஏறுகிறது. மூடி சற்றுக் குளிர்ந்திருந்தால் அதில் பட்டு மறுபடி தண்ணீராகி இட்லி மேல் சொட்டுகிறது. அந்தமானில் கட்டப்படும் கான்கிரீட் வீடுகளில், அடுப்பு எதுவும் இல்லாமலே, இந்த மூன்று காரியமும் வருடத்தின் பெரும்பகுதி நடக்கிறது. ஈர மண்தான் பானைத் தண்ணீர். விரிசலும் குழாய்த் துளையும் உள்ள தரை, இட்லித் தட்டு. ஏசி போட்டுக் குளிர்ந்துபோன கண்ணாடியும் சுவரும் மூடி.

மண்ணிலிருந்து ஏறுவது ஈரம் மட்டுமில்லை, ரேடானும்தான். பாறையிலும் மண்ணிலும் துளித்துளியாக இருக்கும் யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடான் என்ற வாயு ஆகிறது. நிறமோ மணமோ கிடையாது. ஆயுள் குறைவு; 3.8 நாளில் பாதி கரைந்துவிடும். ஆனால் அது சிதையும்போது உண்டாகும் பொலோனியம் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கதிர்வீசுகிறது. புகைபிடிக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது. ஒரு கன மீட்டர் காற்றில் ரேடானின் கதிரியக்கத்தை 100 பெக்கரலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் சொன்னது.

வீட்டுக்குள் இது எவ்வளவு சேரமுடியும் என்று உலகுக்குக் காட்டியது அமெரிக்காவின் பென்சில்வேனியா. 1984 டிசம்பரில் லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் கதிர்வீச்சு காட்டும் கருவி வழியாக நடக்கும்போதெல்லாம் மணி அடித்தது. உலை அப்போது இயங்கத் தொடங்கியிருக்கவே இல்லை. சோதித்துப் பார்த்தால் அவர் வீட்டு ரேடான் சிதைந்து உண்டான துகள்கள்தான் உடம்பில் ஒட்டி வந்திருந்தன. வீட்டுக் காற்றில் இருந்த ரேடான் கன மீட்டருக்குச் சுமார் 1 லட்சம் பெக்கரல்.

அந்தமானில் அப்படியொரு நிலத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தெற்கு அந்தமானின் குன்றுகள் கடலடி வண்டலும் மணற்பாறையும் அடுக்கடுக்காகப் படிந்தவை. இடையிடையே பூமியின் ஆழத்திலிருந்து எழும்பிவந்த கரும்பச்சைப் பாறைகள் உண்டு. அந்த வகைப் பாறையில் யுரேனியம் மிகமிகக் குறைவு. அதோடு பழைய தீவு வீடுகளில் பலகைச் சுவர், திறந்த ஜன்னல், தகரக் கூரைக்கடியில் காற்றோட்டம். மூடியே போடாத பானையில் ஆவி எங்கே நிற்கும்?

இப்போது மூடி விழத் தொடங்கியிருக்கிறது. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் அலுமினிய ஜன்னலும் ஏசியும் வைத்த அறைகள் பெருகுகின்றன. ஊர் முழுக்க மேடு பள்ளம். சரிவை வெட்டித்தான் பலர் வீடு கட்டுகிறார்கள். பின்சுவர் நேராக மண்ணில் சாய்ந்து நிற்கிறது. அந்தப் பின்னறை, குளிர் நாட்டு வீடுகளின் நிலவறைக்குச் சமானம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, சென்னையைப் போல இரண்டு மடங்கு. ரேடானை விரட்டக் கண்டுபிடித்த முறையை இங்கே ஓதத்துக்காக ஒருவர் யோசித்தாலும், ரேடானுக்காகவே யோசித்தாலும், முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடான காற்று எங்கிருந்து வரப்போகிறது?

முறை எளிமையானது. தட்டுக்கு மேலே வந்த ஆவியைத் துரத்துவதை விட, தட்டுக்கு அடியிலேயே ஒரு குழாயைச் செருகி ஆவியை வெளியே இழுத்துவிட்டால் மாவுக்கு ஒன்றும் வராது அல்லவா? அதைத்தான் செய்கிறார்கள். தரைத் தளத்தில் ஒரு துளை போட்டு, அடியில் ஒரு வாளி கொள்ளும் அளவுக்கு மண்ணைத் தோண்டி எடுக்கிறார்கள். அதில் 3 அல்லது 4 அங்குல பிவிசி குழாயை இறக்கி, கூரைக்கு மேலே கொண்டுபோய், வழியில் ஒரு சிறு விசிறியைப் பொருத்துகிறார்கள். அது இரவு பகலாக ஓடும். தின்னும் மின்சாரம் ஒரு பழைய குண்டு பல்பு அளவுதான். தளத்துக்கடியில் காற்றழுத்தம் வீட்டுக்குள் இருப்பதை விடக் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. இனி விரிசல் வழியாக மண்காற்று மேலே வராது. வீட்டுக் காற்றுதான் கீழே இறங்கும். குழாயின் பக்கத்தில் வண்ண நீர் நிரப்பிய ஒரு சின்ன வளைகுழல் தொங்கும். அதன் இரு பக்கமும் நீர்மட்டம் ஏறி இறங்கி நின்றால் உறிஞ்சல் நடக்கிறது என்று பொருள். சமமாக நின்றால் விசிறி நின்றுவிட்டது.

மண்காற்றில் ஈரம் ஏறக்குறைய முழு அளவில் இருக்கும். அதை மேலே வரவிடாமல் செய்தால் வீடு உலர வேண்டும். பென்சில்வேனியாவில் இப்படிக் குழாய் போட்ட வீடுகளை ஆராய்ந்தபோது நிலவறையின் ஈரம் குறைந்தது தெரிந்தது. குளிர் நாட்டில் வெளிக்காற்று உலர்ந்தது. தளம் வழியே இறங்கிப்போன வீட்டுக் காற்றுக்கு ஈடாக அந்த உலர் காற்றுதான் உள்ளே வந்தது. அதனால் இரட்டை லாபம்.

ஃபுளோரிடாவில் கணக்கு மாறிவிட்டது. அங்கே பாஸ்பேட் படிந்த நிலம், அதனால் ரேடான். ஆனால் வெளியே நம் தீவுகளைப் போன்ற வெக்கையும் ஈரமும். விசிறி இழுக்கும் காற்றில் பாதியளவு மண்ணிலிருந்து வராமல், தளத்தின் விரிசல் வழியாக வீட்டுக்குள்ளிருந்தே இறங்கிப் போகலாம். ஏசி உலர்த்தி வைத்த காற்று அது. அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கிலும் சுவர் ஓட்டையிலும் வெளிக்காற்று நுழைகிறது.

அந்தமானுக்கு இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். வெளியே 29 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் தண்ணீர் இருக்கும். ஏசி அறையில் 25 டிகிரி, 55 சதவீதம் என்றால் சுமார் 12.5 கிராம். ஒவ்வொரு கன மீட்டர் வெளிக்காற்றும் 10 கிராமுக்கு மேல் அதிகத் தண்ணீரைச் சுமந்து வருகிறது. விசிறி வீட்டுக்குள்ளிருந்து மணிக்கு 85 கன மீட்டர் இழுத்தால், ஒரு நாளில் உள்ளே வரும் கூடுதல் தண்ணீர் 21 லிட்டர். ஒரு குடத்துக்கும் மேல். அதையெல்லாம் ஏசி பிழிந்து வெளியே ஊற்ற வேண்டும். மின்சாரத்தின் பெரும்பகுதியை டீசல் எரித்துத் தயாரிக்கும் தீவில் இது சின்னச் செலவில்லை.

செலவை விடக் கவலை, மூடியில் சொட்டும் நீர். மேலே சொன்ன வெளிக்காற்று 25 டிகிரிக்குச் சற்று மேல் வரை குளிர்ந்தாலே பனிக்கத் தொடங்கிவிடும். ஏசியை 24-ல் வைத்த அறையின் சுவர் அந்த 25 டிகிரியை விடக் குளிர்ந்திருக்கும். உள்ளே நுழையும் ஈரக்காற்று சுவரின் உட்புறத்தில் எங்கே அகப்படுகிறதோ அங்கே தண்ணீராகும். ஃபுளோரிடாவின் ஏசி கட்டடங்களில் வினைல் சுவர்த்தாளைப் பிரித்தால் பின்னால் கறுப்பும் ரோஜா நிறமுமாகப் பூஞ்சை படர்ந்திருந்தது இப்படித்தான். ஓதம் அடித்த சுவரை மறைக்க இப்போது நம்மவர்கள் ஒட்டும் பிவிசி பேனலும் அதே வேலையைச் செய்யும். வெளியிலிருந்து வரும் ஈரம் பேனலின் குளிர்ந்த முதுகில் தங்கிவிடும். முன்பக்கம் பளபளவென்று இருக்கும். ஏசி அறையின் வெளிச்சுவரில் அதை ஒட்டவே கூடாது என்பேன்.

ஆகவே ஈர நாட்டில் இந்த வேலைக்கு வரிசை முக்கியம். விசிறிக்கு முன்னால் தட்டின் ஓட்டைகளை அடைக்க வேண்டும். தரையும் சுவரும் சேரும் இடுக்கு, குளியலறைக் குழாய் இறங்கும் துளை, மின்கம்பிக் குழாய், மண்ணில் சாய்ந்த பின்சுவரின் விரிசல் எல்லாவற்றையும் நெகிழும் சீலன்ட் வைத்து மூடினால் வீட்டுக் காற்று கீழே இறங்குவது குறையும். அப்போது சிறிய விசிறியே போதும். பெரிய விசிறி போட்டால் நல்லது என்று நினைப்பவர்கள் இங்கேதான் காசையும் சுவரையும் இழக்கிறார்கள். புது வீடு என்றால் வேலை இன்னும் சுலபம்: தளம் போடுமுன் 4 அங்குலம் ஜல்லி, அதன்மேல் கெட்டியான பாலிதீன் தாள், ஓரங்களில் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டியது. ஜல்லிக்குள் ஒரு குழாயை முன்கூட்டியே விட்டுவைத்தால், தேவைப்பட்டால் பிறகு விசிறி மாட்டலாம்.

மழைக்காலத்தில் இன்னொரு சங்கடம். பானையில் தண்ணீரைத் தட்டு தொடும்வரை ஊற்றினால் ஆவிக்கு இடமேது? நிலத்தடி நீர் ஏறி ஜல்லி அடுக்கு மூழ்கினால் குழாய் காற்றுக்குப் பதில் தண்ணீரைத்தான் உறிஞ்சப் பார்க்கும். சரிவில் கட்டிய வீட்டுக்கு மேற்புறம் ஒரு வடிகால் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடாமல் விசிறி மாட்டுவது வீண். கனமழையில் வீட்டைச் சுற்றியுள்ள மண் நனைந்து துளைகள் அடைபடும்போது, மண்வாயு வீட்டுக்கடியில் காய்ந்திருக்கும் பகுதியைத் தேடி வரும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நாலு ஓட்டையில் மூன்றை மூடினால் ஆவி நாலாவதில் சீறும்.

குழாயையும் கிட்டத்தில் பார்க்க வேண்டும். போர்ட் பிளேர் மண்ணின் வெப்பம் ஆண்டின் சராசரிக் காற்று வெப்பத்தை ஒட்டி, ஏறக்குறைய 27 டிகிரி இருக்கும். அங்கிருந்து வரும் காற்றில் கன மீட்டருக்கு 25 கிராமுக்கு மேல் தண்ணீர். அது 24 டிகிரி ஏசி அறை வழியாக ஏறும்போது குழாயின் உட்புறம் வியர்க்கும். குழாய் செங்குத்தாக இருந்தால் அந்த நீர் வழிந்து மண்ணுக்கே திரும்பிவிடும். கூரைக்கடியில் படுக்கையாகத் திருப்பி, நடுவில் கொஞ்சம் தொய்ந்திருந்தால், தொய்வில் நீர் தேங்கும். சில வாரத்தில் குழாயே அடைபடும்; வளைகுழல் அந்த அடைப்புக்கும் விசிறிக்கும் நடுவில் இருந்தால் நன்றாக இழுப்பதுபோலக் காட்டும். தளத்துக்கடியில் உறிஞ்சல் இருக்காது. ஆகவே படுக்கைக் குழாய் முழுவதும் மண்ணை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும்.

விசிறி ஒன்றும் மாட்டாதவர்களுக்கும், ஈடான காற்று எங்கிருந்து வரும் என்ற இதே கேள்வி சமையலறையில் காத்திருக்கிறது. சமையல் எரிவாயு 1 கிலோ எரிந்தால் ஏறக்குறைய 1.5 லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும், ஒரு 14.2 கிலோ சிலிண்டர் தீருமுன் 20 லிட்டருக்கு மேல். அதை வெளியே தள்ள சிம்னி வேண்டியதுதான். ஆனால் சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு சிம்னியை ஓடவிட்டால் அது காற்றுக்காக மற்ற அறைகளை உறிஞ்சும். மண்ணில் சாய்ந்த பின்னறையின் தரை விரிசலையும் உறிஞ்சும். ஜன்னலைத் திறந்து, ஏசி அறைக் கதவைச் சாத்திவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால் சிம்னிக்கு வேண்டிய காற்று நேரே வெளியிலிருந்து வந்து வெளியிலேயே போய்விடும்.

ஏசி வாங்குவதிலும் அளவு பார்க்க வேண்டும். சின்ன அறைக்கு 1.5 டன் வாங்கினால் பத்து நிமிடத்தில் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். உள்ளே சுருளில் படிந்த நீர் வடியுமுன் மறுபடி அறைக்குள்ளேயே ஆவியாகும். அறை சில்லென்று இருந்தும் படுக்கை விரிப்பு நசநசக்கும். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அறைக்குள் பூஞ்சை படர்வது அரிது. ஈரமானி இல்லையென்றால் உப்பு ஜாடி பாருங்கள். சுத்தமான உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நீரில் அலசாத கடல் மணலால் கட்டிய சுவர் மழைக்காலத்தில் தானாக நனைவதற்கும் இந்த உப்புதான் காரணம். அதற்கு எந்த விசிறியும் மருந்தில்லை.

இந்தச் சிக்கல் எதையும் வரவிடாத கட்டடம் ஒன்று இதே தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. கார் நிக்கோபாரின் வட்டக் குடிசை. ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்குத் தூண்கள். குடிசைத் தளத்திலேயே உள்ள வாசலுக்கு ஏணி வைத்து ஏற வேண்டும். மேலே தேன்கூடு போன்ற ஓலைக் கூரை. பானையிலிருந்து தட்டையே எடுத்து உயரத்தில் வைத்துவிட்டார்கள். மண்ணின் ஈரமும் வாயுவும் தரையைத் தொடுமுன் கடல்காற்று அடித்துக்கொண்டு போய்விடும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஏராளமான நிக்கோபாரியக் குடும்பங்கள் தகரக் கூரை போட்ட வீடுகளுக்கு மாறின. சரிவில் வீடு கட்டும் போர்ட் பிளேர்க்காரர்களும் பின்சுவரை மண்ணில் சாய்க்காமல் முன்பகுதியைத் தூண்களில் ஏற்றினால், தளத்துக்கடியில் ஒரு ஆள் குனிந்து போகும் அளவு காற்றுவெளி கிடைக்கும். குழாய், விசிறி, மின்சாரம் எதுவும் வேண்டாம். எனக்குத் தெரிந்தவரை அதுதான் இந்த ஊருக்குப் பொருத்தம்.

இவ்வளவுக்கும் முதலில் அளந்து பார்க்க வேண்டும். கரித்தூள் டப்பா வைத்து அளக்கும் முறை மலிவு. ஆனால் ஈரக்காற்றில் கரி தண்ணீரையே பிடித்துக்கொண்டு ரேடானைக் குறைவாகக் காட்டும். தீவுகளுக்கு ஏற்றது கதிர்த்தடம் பதியும் படலம். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த கருவியில் எல்ஆர்-115 என்ற படலம் இருக்கும். அதை மூன்று மாதம் தொங்கவிட்டு எடுத்துப் பார்ப்பார்கள். மண்ணில் சாய்ந்த பின்னறையில், தரையிலிருந்து ஆள் மூச்சுவிடும் உயரத்தில், ஜூன் தொடங்கி ஒன்றும் ஜனவரி தொடங்கி ஒன்றும் தொங்கவிட வேண்டும். பக்கத்திலேயே ஓர் ஈரமானி. விசிறி மாட்டிய பிறகும் அதே அறையில் அதே மாதங்களில் இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். ரேடான் இறங்கி ஈரம் ஏறியிருந்தால் விசிறியின் வேகத்தைக் குறைத்து, அடைக்காமல் விட்ட ஓட்டையைத் தேட வேண்டும்.