நீராவியின் வரவு செலவு

மலேசியாவின் கிள்ளானுக்குத் தெற்கே, கேரித் தீவில் கண்ணுக்கெட்டிய வரை செம்பனைதான். அதன் பழக்குலை எண்ணெயாக மாறுவதற்கு முன் நீராவியில் வேக வேண்டும்: சுமார் 3 பார் அழுத்தம், 140 டிகிரி செல்சியஸ், ஒரு மணி நேரத்துக்கும் மேல். வேகாவிட்டால் பழத்திலுள்ள நொதி எண்ணெயைக் கெடுத்து அமிலத்தைக் கூட்டிவிடும். பழமும் குலையிலிருந்து எளிதில் உதிராது. ஒரு டன் குலைக்கு ஆலைகள் செலவிடும் நீராவி ஏறக்குறைய அரை டன்.

அதற்கான எரிபொருளையும் பழமே தந்துவிடுகிறது. ஒரு டன் குலையில் பிழிந்த நார் சுமார் 130 கிலோ, கொட்டையை உடைத்த ஓடு சுமார் 60 கிலோ. 1917இல் கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிகத்துக்காகச் செம்பனை நட்ட பிறகு வளர்ந்த இத்தொழிலில், நீண்ட காலத்துக்கு நாரும் ஓடும் கழித்துக்கட்ட வேண்டிய கழிவாகவே இருந்தன. பாய்லர் கொஞ்சம் கூடுதலாகத் தின்றால் தொல்லை விட்டது என்றே ஆலைக்காரர்கள் நினைத்தார்கள்.

2012 ஜூலையில் ஜப்பான், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு நிலையான கொள்முதல் விலை தரத் தொடங்கியது. அங்குள்ள உயிர்ப்பொருள் மின் நிலையங்கள் செம்பனை ஓட்டைக் கப்பல் கப்பலாக வாங்கின. அடுப்புக்குள் போகும் ஒவ்வொரு கிலோ ஓட்டுக்கும் விலை வந்துவிட்டது.

பாய்லரின் திறனைக் கூட்டினால் எவ்வளவு ஓட்டை மிச்சப்படுத்தலாம்? தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். 30 டிகிரியில் உள்ள ஒரு கிலோ தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 293 கிலோஜூல் போதும். அதை ஆவியாக்க மேலும் 2,257 கிலோஜூல் வேண்டும். ஆலை பாய்லரின் உயர் அழுத்தத்தில், ஓரளவு சூடேற்றிய தண்ணீரை ஊற்றினாலும், கிலோவுக்கு ஏறத்தாழ 2.5 மெகாஜூல் ஆகும். அரை டன் நீராவிக்கு 1,250 மெகாஜூல். பாய்லரின் திறன் 65 விழுக்காடு என்றால் எரிபொருள் 1,920 மெகாஜூல் தர வேண்டும். 75 விழுக்காடு என்றால் 1,670 போதும். மிச்சமாகும் 250 மெகாஜூல், ஏறத்தாழ 15 கிலோ ஓட்டுக்குச் சமம். மணிக்கு 60 டன் குலை அரைக்கும் ஆலையில் இது மணிக்கு 900 கிலோ!

மீதி வெப்பம் எங்கே போகிறது? பெரும்பகுதி புகைபோக்கி வழியே. தேவைக்கு மேல் காற்றை ஊதினால், அந்தக் காற்றையும் சூடாக்கி வெளியே அனுப்புகிறோம். ஈர நாரிலுள்ள தண்ணீரும் நெருப்பில் ஆவியாகித் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. வெளியேறும் புகையின் சூட்டைச் சுமார் 22 டிகிரி குறைத்தாலோ, உள்ளே விடும் தண்ணீரின் சூட்டை 6 டிகிரி கூட்டினாலோ எரிபொருளில் ஒரு விழுக்காடு மிச்சமாகும் என்பது பாய்லர் பொறியாளர்களின் கைக்கணக்கு.

ஆனால் பாய்லரின் திறன் மட்டுமே முழுக் கணக்கு ஆகாது. கிள்ளானுக்கு வடக்கே, காப்பாரில் ஒரு பெரிய மின் நிலையம் இருக்கிறது. அத்தகைய நிலையங்களின் நிலக்கரி அலகுகளில் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி குளிர்விக்கும் கடல்நீரோடு போய்விடும். எண்ணெய் ஆலையிலோ அதே நீராவிக்கு இரண்டு வேலை. சுமார் 20 பார் அழுத்தத்தில் டர்பைனைச் சுழற்றி ஆலைக்கு மின்சாரம் தரும். 3 பாருக்கு இறங்கியதும் பழத்தை வேகவைக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு சிக்கல் உண்டு. எல்லா வேகவைக்கும் கலன்களுக்கும் ஒரே நேரத்தில் நீராவியைத் திறந்துவிட்டால் நீராவித் தேவை திடீரென எகிறி, பாய்லரின் அழுத்தம் விழும். நேரம் பிரித்து ஒவ்வொன்றாகத் தொடங்கினால் அந்தத் தடுமாற்றம் குறையும். அதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம், ஓர் அட்டவணை போதும்.

எரிசக்தி மேலாண்மைக்கான மலேசியாவின் பழைய 2008 விதிமுறைகள் மின்சாரச் செலவை மட்டுமே கணக்குக் கேட்டன. 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் வெப்பத்தையும் சேர்த்துக் கேட்கிறது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது 60 லட்சம் யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றலை, பயன்படுத்தும் பெரிய நிறுவனங்கள் பதிவுபெற்ற எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். அந்த மேலாளரின் ஏட்டில் இனி மின்கட்டண ரசீதோடு பாய்லரின் வரவு செலவும் ஏறும்.