எம்.எல்.ஏ.வை சபையை விட்டு வெளியேற்றுவது எப்படி? வீடியோவைக் காட்டாததால் ரத்தான தண்டனை!

சட்டசபையில் அமளி! எம்.எல்.ஏ.க்கள் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியேற்றம்!

இப்படி ஒரு செய்தியைப் படிக்காத வாசகர் இருக்க முடியாது. கசங்கிய சட்டையோடு கோட்டை வாசலில் நின்று பேட்டி கொடுப்பார்கள். மறுநாள் எல்லாம் மறந்து போச்சு!

ஆனால் ஓட்டுப் போட்டு அனுப்பிய தொகுதியின் கதி என்ன? குடிதண்ணீர், ரோடு, ரேஷன் கடை பற்றி சபையில் கேட்க ஆள் இல்லையே!

இஷ்டத்துக்கு ஒரு உறுப்பினரை வெளியே தள்ளிவிட முடியுமா? முடியாது. அதற்கு முறை இருக்கிறது.

3 படிகள்

முதல் படி: சபையில் ஒழுங்கீனமாக நடந்தால் வெளியே போகும்படி சபாநாயகர் உத்தரவிடலாம். அன்று முழுவதும் உள்ளே வரக்கூடாது. போக மறுத்தால் சபைக் காவலர்கள் வருவார்கள். அலாக்காகத் தூக்கி விடுவார்கள்.

இரண்டாவது படி, சஸ்பெண்டு. அடங்காத உறுப்பினரின் பெயரை சபாநாயகர் குறிப்பிடுவார். சபையில் தீர்மானம் வரும். நிறைவேறினால், அதிகபட்சம் அந்தக் கூட்டத் தொடர் முடியும் வரை சஸ்பெண்டு.

மூன்றாவது படி, உரிமை மீறல். விவகாரம் உரிமைக் குழுவுக்குப் போகும். குழு விசாரித்து அறிக்கை கொடுக்கும். அதை வைத்து சபை தண்டனை விதிக்கும்.

6 பேர் வழக்கு

2015 பிப்ரவரியில் தமிழக சட்டசபையில் நடந்த அமளியில் தே.மு.தி.க. உறுப்பினர்கள் சஸ்பெண்டு ஆனார்கள். விவகாரம் உரிமைக் குழுவுக்கும் போனது.

சபையில் எடுத்த வீடியோவை குழு போட்டுப் பார்த்தது. மார்ச் 31-ந் தேதி தீர்மானம் வந்தது. அழகாபுரம் மோகன்ராஜ் உள்பட 6 எம்.எல்.ஏ.க்களுக்கு அடுத்த கூட்டத் தொடரில் 10 நாள் சஸ்பெண்டு! அந்த நாட்களுக்கு சம்பளமும் 'கட்'!

6 பேரும் சுப்ரீம் கோர்ட்டு படி ஏறினார்கள்.

நீதிபதிகள் செலமேஸ்வர், சப்ரே 2016 பிப்ரவரி 12-ந் தேதி தீர்ப்புக் கூறினார்கள். பேச்சுரிமை பறிபோனது என்ற வாதம் எடுபடவில்லை. ஆனால் இன்னொரு இடத்தில் வழக்கு திரும்பியது.

எந்த வீடியோவை வைத்து குற்றவாளி என்று முடிவு செய்தார்களோ, அதன் நகலை 6 பேருக்கும் கொடுக்கவே இல்லை. வீடியோவில் இருப்பது நான்தானா, நான் செய்தது என்ன என்று விளக்கம் சொல்லக்கூட வாய்ப்பு இல்லை. இது இயற்கை நீதிக்கு விரோதம் என்று கூறி தண்டனை ரத்து செய்யப்பட்டது. சம்பளமும் திரும்பியது.

சாதாரண திருட்டு வழக்கில்கூட சாட்சியத்தைக் காட்டாமல் தண்டிக்க முடியாது. எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் வேறு நியாயமா?

ஒரு வருஷம் காலி!

மராட்டிய சட்டசபையில் 2021 ஜூலை 5-ந் தேதி பா.ஜ.க. எம்.எல்.ஏ.க்கள் 12 பேரை ஒரு வருஷத்துக்கு சஸ்பெண்டு செய்தார்கள். 2022 ஜனவரி 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதையும் தூக்கி எறிந்தது. இது பதவி பறிப்பை விட மோசம் என்றது.

எப்படி? பதவி போனால் 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல் வரும். தொகுதிக்குப் புது ஆள் கிடைப்பார். சஸ்பெண்டு என்றால் அதுவும் கிடையாது. தண்டனை எம்.எல்.ஏ.வுக்கா, ஜனங்களுக்கா?

பதவியும் பறிபோகும்

1978 டிசம்பர் 19-ந் தேதி இந்திரா காந்தியின் எம்.பி. பதவியை பாராளுமன்றம் பறித்தது. திகார் ஜெயிலுக்கும் அனுப்பியது! மாருதி கம்பெனி பற்றிய கேள்விக்குத் தகவல் திரட்டிய அதிகாரிகளுக்குத் தொல்லை கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. 1981-ல் அந்தத் தீர்மானமே ரத்தானது.

1986 டிசம்பரில் நம் சட்டசபையிலும் நடந்தது. இந்தித் திணிப்பை எதிர்த்து அரசியல் சட்ட நகலை எரித்ததற்காக க.அன்பழகன் உள்பட 10 தி.மு.க. எம்.எல்.ஏ.க்களின் பதவி பறிபோனது. அப்போது சபாநாயகர் பி.எச்.பாண்டியன்.

கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 எம்.பி.க்கள் 2005 டிசம்பர் 23-ந் தேதி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சபைக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2007-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

2023 டிசம்பர் 8-ந் தேதி மேற்கு வங்காள எம்.பி. மகுவா மொய்த்ராவின் பதவி பறிபோனது. சபையில் பேச அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. பதவி போனாலும் மறுபடி தேர்தலில் நிற்கத் தடை கிடையாது. நின்றார். 2024-ல் அதே கிருஷ்ணாநகர் தொகுதியில் ஜெயித்து, மறுபடியும் பாராளுமன்றத்துக்குள் வந்துவிட்டார்!