கம்ப்யூட்டர் கிளம்பலையா? முதலில் கணக்கைக் காப்பாத்துங்க!



நம்ம சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கெல்லாம் இப்போது கூட்டமைப்பு ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது. ஒருநாள் காலையில் சுவிட்சைப் போட்டதும் நீலத் திரை வந்து, ‘முக்கியமான டிரைவர் ஃபைலைக் காணோம்’ என்று இங்கிலீஷில் காட்டி நின்றுவிட்டால் என்ன செய்வது?

டிரைவர் என்றால் என்ன?

பிரிண்டர், ஹார்ட் டிஸ்க் போன்ற ஒவ்வொரு கருவியையும் இயக்க விண்டோஸுக்கு உதவும் சின்ன ஃபைல்தான் டிரைவர். குழுக் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுகிறோம் இல்லையா? விண்டோஸும் கிளம்பும்போது அப்படித்தான் கூப்பிடும். உறுப்பினர் ஒருத்தர் வரலேன்னா கூட்டம் நடக்கும். வங்கியில் கையெழுத்துப் போடவேண்டியவர் வரலேன்னா பணம் எடுக்க முடியாது. அதுபோல, பிரிண்டர் டிரைவர் இல்லாவிட்டால் பிரிண்ட் மட்டும் வராது. ஹார்ட் டிஸ்க் டிரைவர் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரே கிளம்பாது.

வேலை நடக்கும்போது கரண்ட் போவது, அப்டேட் பாதியில் நிற்பது, வைரஸ், ஹார்ட் டிஸ்க் பழுது ஆகியவை இதற்குக் காரணமாகலாம். காணாமல் போனது விண்டோஸின் ஃபைல். ஹார்ட் டிஸ்க் நல்லா இருந்தால் நம்ம கணக்கு பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அதனால் பதற வேண்டாம்.

என்ன செய்யலாம்? (விண்டோஸ் 10, 11)

1. திரையில் தெரியும் ஃபைல் பெயரையும் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள்.

2. பென் டிரைவ், பிரிண்டர் வயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

3. இரண்டு மூன்று முறை கிளம்பாவிட்டால் பழுது பார்க்கும் திரை தானே வரும். அதில் ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ என்று வரிசையாக அழுத்துங்கள்.

4. அதுவும் சரிப்படவில்லையா? அதே இடத்தில் ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ இருக்கும். விண்டோஸ் நன்றாக ஓடிய பழைய தேதி அதில் இருந்தால், அந்த நிலைக்குத் திரும்பலாம். நாம் சேர்த்த கடிதம், படங்களை அது தொடாது. அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட புரோகிராம்கள் போய்விடும்.

ஃபார்மேட்டுக்கு அவசரப்படாதீங்க!

சர்வீஸ் கடையில் ‘ஃபார்மேட் போட்டுடலாம்’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள். ஃபார்மேட் செய்தால் அந்தப் பகுதியில் இருக்கும் கணக்கும் அழிந்துபோகும். ‘ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, முதலில் எங்க கணக்கைக் காப்பி எடுத்துக் கொடுங்க’ என்று கேளுங்கள். காப்பி எடுத்ததைத் திறந்து, போன மாதக் கடன் பேரேடு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள். ‘ரீசெட்’ என்றாலும் இதே கதைதான். ஃபைலை வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுத்தாலும், நாம் போட்ட கணக்குப் புரோகிராம் போய்விடும்.

இனி ஒவ்வொரு மாதக் கூட்டம் முடிந்ததும் இரண்டு பென் டிரைவில் காப்பி எடுங்கள். ஒன்று ஆபீஸில், இன்னொன்று பொருளாளரிடம் இருக்கட்டும். யார், எந்தத் தேதியில் எடுத்தார் என்பதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள்!