பட்டியலில் ஓர் உறுப்பைத் தேடுதல்

மாணவர்களே, பைதன் மொழியில் 45, 72, 38, 72, 60 என ஐந்து மாணவரின் புள்ளிகள் ஒரு பட்டியலில் உள்ளன எனக் கொள்வோம். 72 இருக்கிறதா என்பது ஒரு வினா. எங்கே இருக்கிறது என்பது வேறொரு வினா. முதலாவதற்கு ‘இன்’ என்னும் சொல் உண்மை அல்லது பொய் என விடை தரும். இரண்டாவதற்கு ‘இன்டெக்ஸ்’ பயன்படும்.

இங்கு இன்டெக்ஸ் தரும் விடை 1 ஆகும். 2 என எழுதிவிட்டு வருந்துவோர் எல்லா வகுப்பிலும் உண்டு. இடங்கள் 0 இலிருந்தே எண்ணப்படுகின்றன. முதலாவது 72 ஐக் கண்டதும் தேடல் முடிந்துவிடுவதால், 3 ஆம் இடத்திலுள்ள 72 விடையில் வராது.

இனி 50 ஐத் தேடிப் பாருங்கள். ‘வேல்யூ எரர்’ என்ற வழுவுடன் செய்நிரல் இடையிலே நின்றுவிடும். நிற்காமல் -1 என்று தந்தால் என்ன? நல்ல கேள்விதான். ஆனால் பைதனில் -1 உம் ஓர் இடமே. அது கடைசி உறுப்பைக் குறிக்கும். 50 ஐத் தேடியவருக்கு 60 கிடைத்திருக்கும், பிழை நடந்ததும் தெரிந்திராது! எனவே ‘இன்’ மூலம் உண்டா எனப் பார்த்த பின்னரே இடத்தைக் கேளுங்கள்.

இன்னொன்று: மேற்கோள் குறிக்குள் எழுதிய 72 எண்ணன்று, எழுத்துச் சரம். அதைத் தேடினால் ‘இன்’ பொய் என்றே சொல்லும்.